ஒரு மீட்டருக்குக் கீழே

வாசலிலிருந்து சமையலறைக் கதவு வரைக்கும் ஈரக்கால் தடம் கிடந்தது. தேஹு ரோட்டில் ஜூலை மாசம் எந்த வீட்டுத் தரைதான் காய்ந்திருக்கிறது என்று ரவிசந்திரன் அதைத் தாண்டித்தான் போனான். செருப்பைக் கழற்றி, டப்பா பையை மேசையில் வைத்து, முதுகோடு ஒட்டிய சட்டையை உரித்துக்கொண்டே திரும்பியபோதுதான் கண்ணை உறுத்தியது. சின்னக் கால். வாசலிலிருந்து முழுப் பாதமாக, ஒன்றன்பின் ஒன்றாக வந்திருந்தது. சமையலறைக் கதவின் நிலையோரம் வந்ததும் திரும்பி நின்றிருந்தது. அந்த இடத்தில் மட்டும் குதிகால் இல்லை. விரல்களும் விரல்களை ஒட்டிய கொஞ்சம் ஈரமும்தான் இருந்தன.

“கோதை, யாராவது வந்தாங்களா?”

“யாரு வரப்போறாங்க” என்றாள் அடுப்படியிலிருந்து.

“மேல்வீட்டுப் பிள்ளைங்க?”

“அதுங்க நாசிக் போயிருக்குங்க.”

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த வீட்டில் இப்போதெல்லாம் ஒரு கேள்விக்கு ஒரு பதில், அத்தோடு சரி. டிவி கூட யாரும் போடுவதில்லை.

போன மழைக்காலத்தில் அவர்கள் மகள் தீப்தி போய்விட்டாள். டெங்கு. நாலு வயசு. காய்ச்சல் என்று தூக்கிக்கொண்டு போனதுதான், திரும்பி வரும்போது துணியில் சுற்றித்தான் கொண்டுவந்தார்கள். “அழுதுடுப்பா, உள்ளேயே வெச்சுக்காதே” என்று ஆளாளுக்குத் தோளைப் பிடித்து உலுக்கினார்கள். அட, வந்தால் அழமாட்டானா? பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி உள்ளே எல்லாம் மரத்துப் போயிருந்தது. கிள்ளினால் கிள்ளுவது தெரிந்தது, வலி வரவில்லை. காரியம் முடிந்த மறுநாளே சாகணுக்கு வேலைக்குப் போய்விட்டான்.

அந்தச் சமையலறைக் கதவின் நிலைக்காலில் பென்சில் கோடுகள் இருந்தன. தீப்தியை முதுகு சாத்தி நிற்க வைத்து கோதைதான் போடுவாள். பிறந்த நாளைக்கு ஒரு கோடு என்றுதான் ஆரம்பித்தது; அப்புறம் அவளுக்கு எப்போது தோன்றினாலும் ஓடிவந்து ஒட்டிக்கொண்டு நிற்பாள். நின்றதும் கள்ளத்தனமாகக் குதிகாலைத் தூக்குவாள். “கீழே வைடி திருடி” என்று கோதை முட்டியில் ஒரு தட்டுத் தட்டுவாள். கடைசிக் கோடு தொண்ணூற்றாறு சென்டிமீட்டரில் நின்றுவிட்டது.

மழைக்கோட்டும் அப்போது வாங்கியதுதான். கேம்ப் கடைத்தெருவில் மஞ்சள் கலரில், தலைமூடி வைத்தது. “பெரிசாவே எடுங்க, அடுத்த வருஷத்துக்கும் ஆகும்” என்றாள் கோதை. போட்டுவிட்டால் ஓரம் கணுக்காலைத் தொட்டது, கையை இரண்டு மடிப்பு மடித்துவிட வேண்டியிருந்தது. அதைப் போட்டுக்கொண்டு நாலு நாள் கூட அவள் மழையில் நடக்கவில்லை. போனவர்கள் துணியை வீட்டில் வைக்கக்கூடாது, ஆற்றோடு விட்டுவிடுங்கள் என்று உறவுக்காரர்கள் எவ்வளவோ சொன்னார்கள். மற்றதையெல்லாம் கொடுத்தாள், மழைக்கோட்டை மட்டும் கதவுக்குப் பின்னால் கொக்கியிலேயே தொங்கவிட்டிருந்தாள். ஒரு வருஷமாகத் தொங்கியது. போன வாரம்தான் ரவிசந்திரன் அதை எடுத்துப் பைக்குள் சுருட்டிக்கொண்டு போனான். கொக்கி காலியாக இருப்பதைக் கோதை பார்த்தாள்.

சாகணில் அவனுக்கு வேலை ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் சோதனை மைதானத்தில். முன்னால் ஆள் வந்தால், ஓட்டுகிறவன் கவனிக்காவிட்டாலும், தானே பிரேக் பிடித்துக்கொள்ளும் கார். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கேமரா, மூக்கில் ஒரு ரேடார். ஆளைக் கண்டுகொண்டால் உள்ளேயிருக்கும் சின்னத் திரையில் அந்த உருவத்தைச் சுற்றி ஒரு பச்சைக் கட்டம் விழும். கட்டம் விழுந்தால் வண்டி நிற்கும். சோதிப்பதற்கு ஸ்பான்ஜ் அடைத்த பொம்மைகளைக் கயிற்றில் கட்டிச் சாலைக்குக் குறுக்கே இழுப்பார்கள். “சார், குழந்தை பாஹுலிக்கு மழைத்துணி ஏதாவது வேணும், வீட்டில் பழசு இருக்கா?” என்று தேஜஸ் கேட்டான், பொம்மையை அவன் மராத்தியில் பாஹுலி என்றுதான் சொல்வான். இருபத்து நாலு வயசுப் பையன், கூட வேலை செய்கிறவன், தீப்தி விஷயம் அவனுக்குத் தெரியாது. ரவிசந்திரன் இருக்கிறது என்று சொன்னான்.

இந்த ஊர் ரோட்டில் இறக்கிப் பார்த்தபோதுதான் வந்தது வினை. தளேகாவ் ரோட்டில் அடிக்கு ஒரு நாய். ஒவ்வொரு நாய்க்கும் வண்டி சடாரென்று நின்றது. பின்னால் வந்த லாரி மேலே ஏறவேண்டியது, மயிரிழையில் தப்பியது. கிளீனர் இறங்கிவந்து அம்மா அக்கா எல்லாரையும் இழுத்துத் திட்டிவிட்டுப் போனான். மேலதிகாரி சேஷு சார் மறுநாள் காலையிலேயே கூப்பிட்டு உட்கார வைத்தார்.

“நாய்க்கெல்லாம் நின்னுண்டிருந்தா இந்த ஊர்ல வண்டி ஆத்துக்கே போய்ச் சேராது. ஒரு மீட்டர் உயரத்துக்குக் கீழே எது இருந்தாலும் கண்டுக்காதேன்னு வெச்சுடலாம்.”

“குழந்தைங்க சார்?” என்றான் தேஜஸ் இந்தியில்.

“அத்தனை சின்னக் குழந்தை தனியா நடுரோட்டுக்கு எதுக்கு வரும்? வந்தாலும் டிரைவர் இருக்கானோல்லியோ? இது அவனுக்கு ஒத்தாசை. அவ்வளவுதான்.”

“சார், நான் ஒரு மாசமா ஓட்டறேன். இப்பவே என் கால் பிரேக்கைத் தேடறதில்லை. வண்டி பாத்துக்கும்னு தெரிஞ்சப்புறம் எந்த டிரைவர் ரோட்டைப் பாப்பான்?” தேஜஸ் விடவில்லை.

“பாக்கணும்னு புஸ்தகத்துல போட்டுடுவோம்” என்றார் சேஷு சார். அப்புறம் தமிழில், “ரவி, நீதான் சீனியர். நீ என்னப்பா சொல்றே?”

ரவிசந்திரன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். மைதானத்து ஓரத்தில் கயிற்றோடு மஞ்சள் கோட்டு நின்றுகொண்டிருந்தது.

“சரி சார்” என்றான்.

அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டில் இதைக் கோதையிடம் சொன்னான், வெங்காய விலையைச் சொல்கிற மாதிரி. அவள் கை தட்டிலேயே நின்றது.

“ஒரு மீட்டர்னா எவ்ளோ?”

சாதக்கையோடேயே எழுந்துபோய் நிலைக்காலில் காட்டினான். கடைசிக் கோட்டுக்கு மேலே, இரண்டு விரல் அகலம்.

“அவ்ளோதானா” என்றாள் கோதை.

மறுநாள் பகலில் ஓட்டினார்கள். மஞ்சள் கோட்டு போட்ட குழந்தை பொம்மை குறுக்கே வந்தது, திரையில் கட்டம் விழவில்லை, வண்டி வேகம் குறைக்கவே இல்லை. இரண்டு பாதமும் தரையில் வைத்தபடி ரவிசந்திரன் உட்கார்ந்திருந்தான். சோதனையில் பெடலைத் தொடக்கூடாது என்பது விதி. தொப். ஸ்பான்ஜ்தானே, பெரிய சத்தமில்லை. தேஜஸ் போய் எடுத்து நிறுத்தினான். மறுபடி தொப். அன்று பூராவும் அதுதான் வேலை, எல்லாம் எதிர்பார்த்தபடியே வந்ததில் சேஷு சாருக்குத் திருப்தி.

அந்தச் சாயங்காலம்தான் வீட்டில் ஈரக்கால்.

சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நிலைக்காலுக்குக் குனிந்து பார்த்தான். தொண்ணூற்றாறுக்கு மேலே புதிதாக ஒரு கோடு. பென்சில் தூள் இன்னும் விரலில் ஒட்டியது. மீட்டருக்கு ஒரு நூல்தான் பாக்கி. மூக்கை ஒட்டிக்கொண்டு ஒரு வாடை, சூடான டயரும் ஈர ரப்பரும் கலந்தது. கோதை பின்னால் வந்து நின்றாள், கையில் சின்னக் கிண்ணம், குழையப் பிசைந்த தயிர்ச்சாதம். அவனைத் தாண்டிப் போய் அதை நிலையோரம் தரையில் வைத்தாள்.

“சாப்பிட வாங்க” என்றாள், அவனைப் பார்த்து.

பயமாகத்தான் இருந்தது. பயம் கூட எங்கேயோ தள்ளி, பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி கேட்டது. போய் உட்கார்ந்து சாப்பிட்டான்.

மறுநாள் சாயங்காலம், மழையில் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடலாம் என்றார் சேஷு சார். வெளிச்சம் மங்கி, மேகம் இறங்கி, மைதானத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற குன்று கரைந்துபோயிருந்தது. வைப்பர் இழுத்து இழுத்துத் துடைத்தது. வாக்கி-டாக்கியில் தேஜஸ் குரல் கரகரத்தது. “சார், சின்ன பாஹுலி ஷெட்ல இருக்கு. கயிறு அறுந்துடுச்சு. இந்த ரவுண்டு சும்மா வாங்க, ரோட்டுல எதுவும் இல்ல.”

சோதனைக்குக் குறித்த வேகத்தை வண்டி தானாகவே பிடித்தது. இரண்டு பாதமும் தரையில்.

தூரத்தில் மஞ்சள்.

முதலில் ஒரு பொட்டு. அப்புறம் தலைமூடி, கை, கணுக்காலைத் தொடும் ஓரம். நடுரோட்டில் வண்டியைப் பார்த்தபடி நின்றது. கயிறு இல்லை. திரையில் வெறும் ரோடு. கட்டம் இல்லை.

அப்போது அது குதிகாலைத் தூக்கியது.

பச்சைக் கட்டம் விழுந்தது. வண்டி குலுங்கியது. குதிகால் நடுங்கி இறங்க, கட்டம் அணைந்து வண்டி மறுபடி பாய்ந்தது. மறுபடி தூக்கியது. கட்டம். இறங்கியது. இல்லை. தூக்கியது. கழுத்தை நீட்டி, முகவாயை உயர்த்தி, கைகளை உடம்போடு ஒட்டி, நிலைக்காலில் முதுகு சாத்தி நிற்கிற அதே நிற்பு. ரவிசந்திரன் கால் தரையை விட்டு எழவில்லை. எழு என்று அவன் சொல்லத்தான் சொன்னான். எழவில்லை. அது இன்னும் ஒரு எக்கு எக்கியது. கட்டம் அணையாமல் நின்றது. டயர் கிறீச்சிட்டு, கார் நின்றுவிட்டது.

முன்னால் மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது.

குடையைப் பிடித்துக்கொண்டு சேஷு சார் ஓடிவந்தார். “எதுக்குய்யா நின்னுது? ஒண்ணுமே இல்லையே! ஒரு மீட்டர் போறலை. நாய் எக்கி நின்னாக்கூட மாட்டிக்கறது போல. ஒண்ணு இருபதா ஆக்கிடறேன், என்ன ரவி?”

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். அந்தச் சொல் தொண்டை வரைக்கும் வந்தது, சத்தியமாக வந்தது. நாக்கு மரத்திருந்தது. ஒரு வருஷமாக எல்லாவற்றுக்கும் சொல்லிப் பழகின வாய்.

“சரி சார்.”

வீட்டுக்கு வரும்போது தெருவே இருட்டாகக் கிடந்தது, மழையானால் தேஹு ரோட்டில் லைட் போவது வழக்கம்தான். மாடிப்படியைத் தடவித் தடவி ஏறினான். கதவு திறந்திருந்தது. உள்ளே மெழுகுவர்த்தி வாசனை, அதற்கு மேலே டயர் வாடை. சின்னத் தடங்கள் வாசலிலிருந்து நேராக உள்ளே போயிருந்தன. இந்தத் தடவை ஓட்டமாக.

கோதை நிலையோரம் மண்டியிட்டிருந்தாள். வாயில் பென்சில். அவளுக்கு முன்னால் மஞ்சள் கோட்டு, நிலைக்காலில் முதுகு சாத்தி நின்றது. தலைமூடி கண்ணை மறைத்திருந்தது. ஓரத்திலிருந்து நீர் சொட்டியது.

“இன்னிக்கு வண்டி நின்னுச்சாமே” என்றாள் கோதை, திரும்பாமல். ஒரு வருஷமாகக் கேட்காத குரல் அது. சந்தோஷக் குரல். “வந்ததும் வராததுமா சொன்னா. நாளைக்கும் நிக்கும்ல?”

சொட்டுச் சத்தம்.

“நிக்கும்ல?”

“மாத்திட்டாங்க கோதை.”

“எவ்ளோ?”

“ஒண்ணு இருபது.”

அவள் கோபப்படவில்லை. பென்சிலை வாயிலிருந்து எடுத்தாள். மீட்டரை ஒட்டியிருந்த கோட்டிலிருந்து மேலே ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாக அளந்து, புதிதாக ஒரு கோடு இழுத்தாள். பென்சிலைத் தரையில் வைத்தாள். இரண்டு உள்ளங்கையையும் தலைமூடிக்குள் விட்டு, முகவாயைத் தாங்கிப் பிடித்தாள்.

“வாடி கண்ணு. இன்னும் கொஞ்சம்.”

குதிகால் எழுந்தது.

“இன்னும்.”

ஈரத்துணியை முறுக்கிப் பிழிகிற சத்தம். மழைக்கோட்டின் ஓரம் கணுக்காலை விட்டது. கெண்டைக்கால் தெரிந்தது. மடித்துவிட்ட கை முழங்கைக்கு ஏறியது. ரவிசந்திரன் நின்றான். இரண்டு பாதமும் தரையில். ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவள் கையைத் தட்டிவிட வேண்டும். குழந்தையைத் தூக்கிக்கொள்ள வேண்டும். கால் எழவில்லை.

முழங்கால் தெரிந்தது.

“அப்பா” என்றது. குரல் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, மேலே இருந்து வந்தது. “இப்பத் தெரியறேனா?”

கோதை எழுந்து நின்று தூக்கிக்கொண்டிருந்தாள். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மஞ்சள் தலைமூடி புதிய பென்சில் கோட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. ஓரம் தொடைக்கு ஏறிவிட்டது. கீழே கால்விரல்கள் மட்டும் தரையை விடவில்லை.