ஒரு றெக்கைக் காக்கை

செவ்வாய்க் கோளின் மருதக்கூடு குடியிருப்பில் அன்றைக்கு வானம் கொஞ்சம் தாமதமாக வந்தது. யாரும் கவலைப்படவில்லை. ரொட்டி தாமதமானால் சமையற்கூடத்தில் சண்டை நடக்கும். வானத்துக்காக அங்கே இதுவரை யாரும் சண்டை போட்டதில்லை.

குடியிருப்பின் மேல் குடை போன்ற பெரிய கவிகை ஒன்று மூடியிருந்தது. வெளியே எந்நேரமும் செந்தூசி என்பதால், கவிகையின் உட்புறம்தான் மக்களுக்கு வானம். விடியலும் மேகமும் அந்தியும் தினமும் அதில் ஏற்றப்படும். முதலில் குடியேறியவர்கள், பூமியில் பதிவு செய்த வானத்தையே திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். அதே காக்கை அதே மூலையில் அதே நேரத்தில் பறப்பதைப் பார்த்துப் பார்த்துப் பலருக்குத் தூக்கம் கெட்டது. அதன் பிறகுதான், வானத்தை ஒரு மனிதர் கையால் வரைய வேண்டும் என்று விதி வந்தது.

அந்த மனிதர் வேலாயுதம். பதவியின் பெயர் வான்வரைஞர். அப்படி ஒருவர் இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. எல்லாம் இயந்திரம் பார்த்துக்கொள்கிறது என்று நினைத்திருந்தார்கள்.

அவர் இத்தனை வருடமும் கார்முகில் என்ற கணினித் தளத்தில் வரைந்து வந்தார். மணிக்கட்டில் ஒரு சில்லு பதிக்கப்பட்டிருக்கும். காற்றில் கையை அசைத்தால் அது கோடாகவும் நிறமாகவும் மாறும். கார்முகிலுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. நல்ல நேரம் பார்த்து மூர்ச்சை போட்டுவிடும். சேமிக்காதது எல்லாம் போய்விடும். அதனால் நாலு கோடு போட்டதும் இடது கையின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துச் சேமிப்பது அவருக்குப் பழக்கமாகிவிட்டது. விரல்கள் சேரும்போதெல்லாம் வாய் "முருகா" என்று சொல்லும். சாப்பிடும்போதுகூட நாலு கவளத்துக்கு ஒருமுறை விரல் சேரும். "சோறு எங்கயும் ஓடிப்போகாது, சேமிக்க வேண்டாம்" என்று அவர் மனைவி கனகவல்லி கேலி செய்வாள்.

கார்முகிலைச் செய்த நிறுவனம் திடீரென்று கையை விரித்துவிட்டது. இனி பழுதுபார்க்க ஆள் கிடையாது என்றது. ஆகவே தெளிவிசும்பு என்ற புதிய தளத்துக்கு மாற வேண்டும் என்று குடியிருப்புத் தலைவி அமராவதி உத்தரவிட்டாள். பழைய சில்லை எடுத்துப் புதியதைப் பதித்தார்கள். வேலாயுதம் அருமையாகச் சேர்த்து வைத்திருந்த மேகத் தூரிகைகள் புதிய தளத்துக்கு வரவில்லை. பழைய அந்திகளைத் திறந்தால் ஆரஞ்சு நிறத்தில் பாசி படிந்த மாதிரி ஒரு பச்சை ஓடியது. அவர் நாளெல்லாம் தேடி, சலித்து, தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

தெளிவிசும்பின் நிறுவுநராக வந்திருந்த இளம்பெண் ஜெசிந்தா, "பழசையெல்லாம் மறந்துடணும் சார்" என்றாள்.

"மறக்கறதுக்கு ஒரு ஊசி இருந்தா அதையும் போட்டுடும்மா."

அவள் சிரித்தாள். பிறகு நீளமான ஓர் ஒப்பந்தத்தை அவர் முன்னால் மிதக்கவிட்டாள். புதிய தளத்தின் சைகைகள், பொறுப்புகள், விதிகள் எல்லாம் அதில் இருந்தன. அவர் அதைச் சரசரவென்று கீழே தள்ளி, "ஒப்புக்கொள்கிறேன்" என்பதைத் தொட்டார்.

ஒரு விஷயம் மட்டும் அவருக்கு நன்றாகத் தெரியும். இது சோதனை வாரம். மக்களிடமிருந்து புகார் வந்தால், தெளிவிசும்பு தானாகவே வானம் வரையத் தொடங்கும். விதியைத் திருத்தக் குடியிருப்பு மன்றம் தயாராக இருந்தது. வேலாயுதத்துக்குத் தூசி வடிகட்டிப் பிரிவில் ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. அங்கே நாளெல்லாம் முகமூடி. மேகத்தைத் தவிர வேறு எதுவும் அறியாத மனிதருக்கு அது உயிரோடு புதைப்பது போல.

அன்று மதியம் ஜன்னல் இல்லாத தன் பணியறையில் மறுநாளுக்கான அந்தியை அவர் வரைந்துகொண்டிருந்தார். ஆரஞ்சுத் திட்டு ஒன்றைப் போட்டார். முருகா. பிடிக்கவில்லை, அதை இடப்பக்கம் நகர்த்தினார். முருகா. வழக்கம்போல் ஒரு காக்கையைத் தொடங்கினார். உடலும் ஒரு றெக்கையும் வந்தன. முருகா.

அழைப்பு வந்தது. கனகவல்லி.

"என்னங்க, உடம்பு ஏதும் சரியில்லையா?"

"ஏன்?"

"மத்தியானத்துல அந்தி வருது, போகுது. இப்ப வலப்பக்கம் இருக்கு, அப்புறம் இடப்பக்கம் போகுது. ஊரே வெளியில நின்னு அண்ணாந்து பாக்குது. காக்காவுக்கு ஒரு றெக்கைதாங்க இருக்கு."

அவர் உடனே ஜெசிந்தாவைக் கூப்பிட்டார். அவள் ஓடி வந்து பதிவைப் பார்த்தாள்.

"சார், இதுல சேமிக்கவே வேண்டாம். அதுவே சேமிச்சுக்கும். இந்த ரெண்டு விரல் சேர்ந்தா வானத்துல ஏத்துன்னு அர்த்தம்."

"யாரும்மா சொன்னா?"

"ஒப்பந்தத்துல மூணாவது பத்தியிலயே இருக்கு சார்."

வேலாயுதம் இடது கையை மடியில் அழுத்திக்கொண்டார்.

"அந்தச் சைகையை அணைச்சுடேன்."

"அடிப்படைச் சைகை சார், நான் தொட முடியாது. பூமியில எங்க நிறுவனத்தைக் கேக்கணும். நாளைக்குத்தான் பதில் வரும்."

அவள் செய்ய வேண்டியது என்னவென்று இருவருக்கும் தெரியும். 'வரைஞரின் பிழை' என்று ஓர் அறிக்கை அனுப்பினால் போதும், வானம் இயந்திரத்தின் கைக்குப் போய்விடும். அவளுடைய நிறுவனம் அதற்காகத்தான் காத்திருந்தது. ஜெசிந்தா அறிக்கைப் பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அதை மூடி வைத்துவிட்டு, ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அவர் இடப்பக்கம் உட்கார்ந்தாள். அவருடைய ஆள்காட்டி விரலைத் தன் கைக்குள் இறுகப் பிடித்துக்கொண்டாள், திருவிழாக் கூட்டத்தில் பிள்ளை தகப்பன் விரலைப் பிடித்துக்கொள்வது போல.

"வலது கையால வரைங்க சார். நான் விடமாட்டேன்."

அவர் வரைந்தார். நாலு கோட்டுக்கு ஒருமுறை விரல் துடித்தது. அவள் விடவில்லை. வாய் மட்டும் முருகனைக் கூப்பிட்டது. காக்கைக்கு இரண்டாவது றெக்கை முளைத்தது, ஆனால் வானத்தில் இன்னும் ஒன்றுதான்.

"ஒரே ஒரு தடவை விடும்மா" என்றார்.

"எதுக்கு சார்? இனிமே ஏத்தினா தெரிஞ்சே செஞ்ச தப்பாயிடும். வேலை போயிடும்."

"போகட்டும். ஒரு றெக்கையோட அதை அப்படியே தொங்கவிட மனசு வரலை. கீழ எல்லாரும் பாத்துக்கிட்டு நிக்கறாங்க."

ஜெசிந்தா விரலை விட்டாள். அவர் அறிந்தே இரு விரல்களையும் சேர்த்தார். முருகா.

மாலையில் கனகவல்லி தூசி முகமூடி ஒன்றைத் துவைத்துக் காயப்போட்டாள். எதற்கும் இருக்கட்டும் என்றாள். அப்போது கதவு தட்டப்பட்டது. சமையற்கூடத்து ஆட்கள் வாசலில் நின்றார்கள். ஒருவர் கையில் ரசம், இன்னொருவர் கையில் குழைந்த சோறு.

"வானம் போடறவர் வீடு இதுதானே? உடம்புக்கு முடியலைன்னு பேசிக்கிட்டாங்க. நாங்க இத்தனை நாளும் மெஷின்தான் போடுதுன்னு இருந்துட்டோம் அண்ணே, மன்னிச்சுக்குங்க. காக்காவுக்கு அந்த இன்னொரு றெக்கை வந்தப்புறம்தான் ஊர்ல யாருக்கும் சாப்பாடு இறங்குச்சு."

அவர்களுக்குப் பின்னாலும் ஆட்கள் தூக்குகளோடு நின்றார்கள்.

புகார் ஒன்றுகூட வரவில்லை. தானியங்கி வானம் கைவிடப்பட்டது. பூமியிலிருந்து பதில் வந்து சைகை அணைக்கப்பட்டது. இருந்தாலும் அதன்பின் தினமும் மதியத்தில் வேலாயுதம் வேறொரு சைகையால் வேண்டுமென்றே ஓர் அரைகுறை மேகத்தைக் கவிகையில் ஏற்றி, எல்லோரும் பார்க்க முடித்து வைத்தார். மக்கள் வேலையை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள். பச்சை ஓடாத ஆரஞ்சு எங்கே இருக்கிறது என்று அவருக்குப் பிடிபட்டது. புதிய தூரிகைகள் கைக்கு வசப்பட்டன. சில நாட்களாகச் சாப்பிடும்போது விரலும் சேரவில்லை.

அந்த நேரத்தில்தான் மன்றம் அவரை மேடைக்கு அழைத்தது. குடியிருப்பே கூடியிருந்தது. அமராவதி பேச எழுந்தாள். அவள் கண்கள் உண்மையிலேயே கலங்கியிருந்தன.

"வேலாயுதம் சார், இந்தத் தளத்தோட நீங்க பட்ட கஷ்டத்தை நாங்க எல்லாரும் கண்ணால பாத்தோம். மனசு கேக்கலை. அதனால ஊரே சேர்ந்து உங்களுக்கு ஒரு பரிசு வாங்கியிருக்கோம்." அவள் திரையை விலக்கினாள். "முற்றிலும் புதுத் தளம்! வந்து ஒரு வாரம்தான் ஆகுது. பழசு எதுவும் இதுல கிடையாது!"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. ரசம் கொண்டுவந்த மனிதர் முன்வரிசையில் நின்று விசிலடித்தார். அத்தனை முகத்திலும் அன்பு. அன்போடு நீட்டுவதை வேண்டாம் என்று சொல்ல வேலாயுதத்துக்குத் தெரியாது. மெல்லக் கும்பிட்டார்.

"இதோட ஒப்பந்தத்தை யாராவது படிச்சுப் பாத்தீங்களா அம்மா?"

மேடையே சிரித்தது. அமராவதியும் சிரித்தாள்.

"அதையெல்லாம் யார் சார் படிக்கறாங்க! உங்க சார்புல நாங்களே ஒப்புக்கிட்டோம்."

வேலாயுதத்தின் இடது கைக் கட்டைவிரல் தானாக அசைந்தது. பக்கத்தில் நின்ற கனகவல்லி அதைப் பார்த்தாள். யாரும் பார்க்காதபடி கையை நீட்டி, அவருடைய ஆள்காட்டி விரலை இறுகப் பிடித்துக்கொண்டாள்.