ஏரிக்கோட்டையின் நீர்வாசல்

பஞ்சு பழுப்பாக வந்திருக்க வேண்டும். நூற்றைம்பது ஆண்டுகளாக அடுப்புப் புகையும் சுருட்டுப் புகையும் குடித்த ஓவிய வார்னிஷ் எப்போதும் புகையிலைச் சாறு போலத்தான் இறங்கும். வெரேனாவின் குச்சி நுனியிலோ பாசிப் பச்சையாக, கொழகொழவென்று ஏதோ வந்தது.

பழைய ஓவியங்களை எச்சிலால் துடைப்பது அந்தப் பட்டறையின் வழக்கம். குச்சியில் சுற்றிய புதுப் பஞ்சை நாக்கில் உருட்டி நனைத்து, வண்ணத்தின் மேல் மெல்ல ஒற்றி, எறிந்துவிட வேண்டும்.

"உன் எச்சிலுக்கு முன்னாடி எந்த மருந்தும் நிக்காது. நாக்கை அருங்காட்சியகத்துக்கு எழுதி வெச்சுட்டுப் போடி" என்று கேலி செய்வாள் பக்கத்து மேசை லேனி. இன்று கேலி இல்லை.

"அந்தப் படத்தை என்கிட்ட தள்ளேன். தூன் ஏரியை நீ பாத்துட்டே உக்காரணுமா?"

"என் ஏரி. நானே முடிக்கிறேன்."

இலையுதிர் காலத்தில் அந்த ஏரிக்கு மீன் பிடிக்கப் போன உர்ஸின் படகு மட்டுமே கரை ஒதுங்கியது. கணவனின் உடலை ஒருமுறை கண்ணால் பார்த்து மண்ணில் வைத்துவிட்டால் போதும், தூக்கம் வரும் என்றிருந்தாள் வெரேனா.

"காப்பி வாங்கிட்டு வரேன். வாயைக் கொப்புளிச்சு வை" என்று லேனி படியிறங்கினாள்.

படத்தில், ஏரிக்குள் இறங்கும் கோட்டையின் நீர்வாசல் படியருகே ஒரு கறுத்த மேடு. பாறை என்று நினைத்துத் துடைத்தாள். கட்டம் போட்ட சட்டை தெரிந்தது. கழுத்துப் பட்டையில் சிவப்பு நூலால் தைத்த பொத்தான். அவள் தைத்தது.

பொத்தானிலிருந்து கண்ணெடுக்காமல், துடைத்த பஞ்சையே வாயில் வைத்துவிட்டாள். அழுகிய மீன் செதிலும், தேங்கிய சேறும், நாள்பட்ட கொழுப்பும் ஒன்றாகக் கரைந்து பல்லிடுக்கில் ஏறி, துப்பத் துப்ப வழுவழுவென்று தொண்டைக்குள் ஊறின. ஆனாலும் நிறுத்த முடியவில்லை. முகத்தைப் பார்த்தாக வேண்டும்.

துடைத்தாள். கழுத்து. ஊதிய கன்னம். மீன் கொறித்த காது. இமையில்லாத கண்.

"உர்ஸ்..."

வாய்தான் மிச்சம். பஞ்சை அதன் மேல் ஒற்றினாள். எடுக்கப் பார்த்தாள்.

வரவில்லை.

வண்ணத்தின் உள்ளிருந்து, ஈரமாக, பசியோடு, அவள் எச்சிலை அந்த வாய் சப்பிக்கொண்டிருந்தது.