ஓட்டை இல்லாத சட்டை

செங்கம் ரோட்டிலிருந்து பிரியும் சந்தில், மாடியில் ஒற்றை அறை. அறிவுச்செல்வன் பையோடு வந்து இறங்கியபோது காலை பதினொரு மணி. சொந்த ஊர் பத்து மைல்தான். அங்கே போனால் ஆளாளுக்குக் கேள்வி கேட்பார்கள் என்று இங்கே வந்து ஒளிந்துகொண்டான் அந்த வீராதிவீரன்.

துணை ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவன். வடக்கே ஒரு காட்டில் தீவிரவாதிகளைத் தேடிப் போன அவன் படை, விடியற்காலையில் இலுப்பைப் பூ பொறுக்க வந்த ஒன்பது பேரைச் சுட்டுக் கொன்றது. அதில் ஐந்து பேர் பெண்கள். தவறு தெரிந்ததும் தீவிரவாதிகள் போடுவது போன்ற புதுப் பச்சைச் சீருடைகளைக் கொண்டுவந்து பிணங்களுக்கு மாட்டிவிட்டது அறிவுச்செல்வன்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த வேலை. உடம்பெல்லாம் குண்டு துளைத்த ஓட்டை. சீருடையில் ஒரு ஓட்டைகூட இல்லை. பிணங்களை எடுத்த படம் வெளியே வந்ததும் அந்த மாநிலமே கொதித்தது. சட்டசபை நடக்கவில்லை, ஒரு மந்திரி பதவி போயிற்று, விசாரணைக் கமிஷன் வந்தது.

நாளைக்கு வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸிலிருந்து வீடியோவில் அவன் சாட்சி. உண்மையைச் சொன்னால் இவனுக்கு ஜெயில். பொய் சொன்னால் செத்த ஒன்பது பேரும் என்றைக்கும் தீவிரவாதிகள்தான். எதைச் சொல்வது என்பதில் அவனுக்குக் குழப்பமே இல்லை.

சாட்சிக்குப் போட வெள்ளைச் சட்டையைக் கீழே தள்ளுவண்டியில் இஸ்திரி போடும் பாஞ்சாலையிடம் கொடுத்திருந்தான். நாலு மணிக்கு அவள் மேலே வந்தாள்.

"பெட்டி வைக்க வைக்க உள்பக்கம் ரத்தமா வருதுங்க."

"எங்கனா கிழிஞ்சிருக்கும்."

"பாத்துட்டேங்க. ஓட்டையே இல்ல. ஓட்டை இல்லாம ரத்தம் எப்டிங்க வரும்?"

செத்தவர்களின் வக்கீலும் மனுவில் இதையேதான் கேட்டிருந்தார். சட்டையைப் பிடுங்கி மூலையில் எறிந்துவிட்டு, அவள் முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தினான்.

அறைக்குள் இலுப்பைப் பூ மணத்தது.

அந்தச் சந்தில் மரமே கிடையாது.

மேலே மொட்டைமாடியில் ஏதோ விழுந்தது. தொப். கொஞ்சம் பொறுத்து, தொப். கனத்த பூ தரையில் விழும் சத்தம் அவனுக்குத் தெரியும். ஒன்பது முறை கேட்டது. பிறகு யாரோ குனிந்து பொறுக்குவது போல மெல்ல ஒரு உரசல்.

மறுநாள் கடையில் புதுச் சட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு போனான். "எல்லாரும் சீருடையிலதான் இருந்தாங்க" என்றான். கமிஷன் எழுதிக்கொண்டது. அவ்வளவுதான் வேலை.

மத்தியானம் அறைக்குத் திரும்பியபோது நெஞ்சு ஈரமாக இருந்தது. பயந்து பொத்தானைக் கழற்றிப் பார்த்தான். வெறும் வியர்வை. சிரித்தே விட்டான்.

கதவு தட்டப்பட்டது.

பாஞ்சாலை. கை நிறையப் பச்சைத் துணி.

"ஒரு பொம்பளை உங்க ரூமைக் காட்டி, இஸ்திரிக்குக் குடுத்துட்டுப் போச்சுங்க. அது பேசின பாஷை புரியல. பத்து செட்டு இருக்கு."

"ஒன்பதுதான்." யோசிக்கும் முன்பே வாய் சொல்லிவிட்டது.

"ரெண்டு தபா எண்ணிட்டேங்க. மேல இருக்கறது உங்க அளவு மாதிரி இருக்கு."

தொட்டுப் பார்த்தான். மடிப்புக் கலையாத புதுத் துணி. எங்கேயும் ஓட்டை இல்லை. உள்ளே மட்டும் பிசுபிசுத்தது.

"சூடா இருக்கே. இஸ்திரி போட்டுட்டியா?"

"இன்னும் பெட்டியே வைக்கலங்க."