மறுக்கப்பட்ட கோதுமை

செவ்வாய்க் கிரகத்தில் வீட்டுக்குள் நுழைகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளங்காலை நீட்டுவார்கள். வாசலில் இருக்கும் மோப்பப்பொறி நக்கிப் பார்த்து, விதை எதுவும் ஒட்டவில்லை என்றால்தான் கதவு திறக்கும். குழந்தைகளுக்குக் கூச்சத்தில் சிரிப்பு வரும்.

பார்த்தீனியம் என்ற நச்சுக்களை பூமியின் கோதுமையோடு வந்து இறங்கியது. ஈர்ப்பு குறைந்த இடம். அதன் மகரந்தம் தரையில் படியாமல், ஊரை மூடிய குவிமாடத்துக்குள் நாள்கணக்கில் மிதக்கும். சேந்தனின் மனைவி யாழ்நங்கை அதைச் சுவாசித்தே செத்தாள். முப்பது வயதுகூட ஆகவில்லை.

சேந்தன் விண்கப்பல் இறங்குதளத்தின் சோதனை அலுவலன். புதுச் சரக்கில் ஒரு பிடி அள்ளி ஈரத்தட்டில் பரப்பினான். கோதுமை முளைத்தது. இடையிடையே பார்த்தீனியமும் முளைத்தது. தட்டோடு ஊரவைக்குள் போனான்.

"கதிர்வீச்சு காட்டி விதையைக் கொன்னாச்சுன்னு மூட்டையில முத்திரை குத்தியிருக்கானுங்க. செத்த விதை எப்படிங்க முளைக்கும்?"

"கத்தாதப்பா. சாப்பாட்டுக்கு என்ன பண்றது?" என்றார் அவைத்தலைவர் நல்லமுத்து.

"நம்ம தொட்டிப் பாசியில அரைச்ச மாவு இருக்குல்ல."

"நீ திம்பே. என் மருமக தட்டைத் தூக்கி என் மேலயே எறியுறா."

அவை சிரித்தது.

"அப்போ இதை உங்க வீட்டுக்குள்ளயே கொட்டிட்டுப் போறேன். உங்க மருமகளும் மூச்சுல இழுத்துப் பாக்கட்டும்."

சிரிப்பு நின்றது. யாரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு கோதுமை மணிகூட இறங்கக்கூடாது என்று எல்லாரும் கை தூக்கினார்கள்.

யாழ்நங்கை போன பிறகு அன்றுதான் அவனுக்குப் பசித்தது. பாசிமாவு ரொட்டியை ருசித்துத் தின்றான்.

மறுவாரம் நல்லமுத்து அவனைத் தேடி இறங்குதளத்துக்கே வந்தார். முகமெல்லாம் மலர்ச்சி.

"சரக்கை ஒழிச்சாச்சுப்பா."

"பூமிக்கே அனுப்பிட்டீங்களா?"

"வாடகை கட்டுப்படியாகுமா? எரிக்கலாம்னா ஆக்சிஜன் பத்தாது. வியாழன்கிட்ட ஒரு நிலாவுல புதுசா சுரங்கம் தோண்டுறாங்கல்ல, பாவம், பஞ்சமாம். நிவாரணமா அனுப்பிட்டோம்."

சேந்தன் எழுந்துவிட்டான். "அதுல விதை இருக்குன்னு சொன்னீங்களா?"

"சொன்னா வாங்குவானா? அங்க சோதிக்கிறதுக்கு ஆளும் கிடையாது."

"அங்கயும் மனுஷங்கதானய்யா இருக்காங்க! கப்பலைத் திருப்புங்க!"

"பாதி தூரம் போயிருக்கும். கோவப்படாத, உன்னை மறந்துட்டா செஞ்சோம்? யாழ்நங்கையோட நினைவு நாள் வருதுல்ல, அன்னதானமா இருக்கட்டும்னு மூட்டைக்கு மூட்டை அவ பேரைத்தான் போட்டிருக்கோம். பாரு, இப்பவே நன்றி சொல்லி அனுப்பிட்டாங்க."

நல்லமுத்து உள்ளங்கைத் திரையை நீட்டினார். அதில் எலும்பும் தோலுமான குழந்தைகள் வரிசையாகக் கைகூப்பி நின்றார்கள். ஒருமுறை நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டு, ஒரே குரலில் கத்தினார்கள்.

"நன்றி, யாழ்நங்கை அக்கா!"