கறுப்பு வெள்ளையில் ஒரு முதுகு

"நான்தாம்மா கொடுத்தேன்! அந்தப் படத்தக் கழுவிக் கொடுத்ததே நான்தான்!"

லோஷினி கத்தியபோது போலீஸ் கார் முனை திரும்பிவிட்டது. பின் இருக்கையில் அவள் அண்ணன் ரூபேந்திரன். அம்மா செல்வராணி செருப்பில்லாமல் நடுத்தெருவில் நின்றாள்.

சனிக்கிழமை, காலை பத்து மணி.

குணாளன் விழுந்தது வியாழன் மாலை. செனாய் ஊரில் மூடிக் கிடக்கும் தொழிற்சாலைகளுக்குப் பின்னால் வழவழப்பான சாலை ஒன்று உண்டு. பையன்கள் ஸ்கேட்போர்டு ஓட்டும் இடம். இரண்டு வருடமாக அவர்களைப் படமெடுத்து வந்தவன் பதினேழு வயதுக் குணாளன். ஃபிலிம் கேமரா, கறுப்பு வெள்ளை மட்டும். உரிந்த முழங்கால், பிளந்த பலகை, தோற்று உட்கார்ந்திருக்கும் முகம். வானம் மட்டும் மழைக்கு முன்னால்போல இருண்டிருக்கும். லென்ஸில் சிவப்புக் கண்ணாடி மாட்டி அதை வரவழைப்பான். ஃபிலிம் கழுவுவது லோஷினி. அவள் வீட்டுக் குளியலறைதான் இருட்டறை.

அன்று யாரோ மோட்டார் சைக்கிளில் கயிறு கட்டி அவனை இழுத்திருக்கிறார்கள். பலகை சறுக்கி, தலை கான்கிரீட்டில் மோதியது. ஸ்கேட் பண்ண வந்த ஜெயபாலன்தான் முதலில் பார்த்ததாகச் சொன்னான். ஆம்புலன்ஸை அழைத்ததும் அவன்தான். சிவப்பு ஜெர்சியோடு ஆஸ்பத்திரித் தரையில் உட்கார்ந்து அவன் அழுததை எல்லாரும் பார்த்தார்கள். குணாளன் இன்னும் கண் விழிக்கவில்லை.

பக்கத்தில் கிடந்த கேமராவை இன்ஸ்பெக்டர் சுபத்திரா எடுத்துவந்தார். அதன் மேலே கீறல், முன்னால் வெறும் லென்ஸ், உள்ளே ஃபிலிம் பத்திரம். கழுவத் தெரிந்த கடை பக்கத்தில் இல்லாததால், வெள்ளிக்கிழமை குளியலறை வாசலில் நின்றுகொண்டு லோஷினியையே கழுவ வைத்தார்.

கடைசிப் படம் சாய்வாக இருந்தது. ஒரு கையில் கயிறு, மறு கையில் கேமரா. பலகையில் போய்க்கொண்டே குணாளன் எடுத்திருக்கிறான். ஹெல்மெட் போட்ட ஒருவனின் முதுகு. வெள்ளைச் சட்டை. ஓரத்தில், காலையில் மட்டும் திறக்கும் ஒரு சாப்பாட்டுக் கடையின் அடைத்த கதவுப் பலகை, அதன்மேல் தொங்கும் வெள்ளைத் துணி. துணியின் ஒரு மூலை கறுப்பு.

"இவங்கள மோட்டார்ல இழுக்கிறது யாரு?"

"எல்லாரும்தான் மேடம். சில நேரம் எங்கண்ணன்கூட."

"வெள்ளைச் சட்டையில?"

லோஷினி வாசலுக்கு வெளியே பார்த்தாள். துணிக்கொடியில் அண்ணனின் வெள்ளைத் தொழிற்சாலைச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. சுபத்திராவின் பார்வை அங்கேயே நின்றது. வியாழன் மாலை தூங்கிக்கொண்டிருந்ததாக ரூபேந்திரன் சொன்னதற்குச் சாட்சி இல்லை.

சனிக்கிழமை, போலீஸ் கார் போன சற்று நேரத்தில் ஜெயபாலன் வந்தான். கண் வீங்கியிருந்தது.

"அண்ணன் வேணும்னு செஞ்சிருக்க மாட்டாரு லா. பயந்து போயிருப்பாரு."

"எங்கண்ணன் செய்யல."

"நானும் அப்படித்தான் நெனக்கிறேன். ஆனா படத்துல இருக்கே, லோஷி."

அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

லோஷினி படத்தின் இன்னொரு பிரதியை எடுத்துக்கொண்டு அந்தச் சாலைக்கு நடந்தாள். எதைத் தேடுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. வீட்டில் இருந்தால் அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

படத்தில் இருந்த கடை திறந்திருந்தது. பிரேமலா அக்கா நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, வியாழக்கிழமை இங்க வெள்ளைத் துணி காயப் போட்டிருந்தீங்களா?"

"அலமாக்! என் கடை என்ன தோபி கடையா? மெர்டேக்கா சுதந்திர தினத்துக்கு நாட்டுக் கொடி கட்டினேன், இன்னும் அவுக்கல. அது ஒண்ணுதான் தொங்குது."

லோஷினி அண்ணாந்து பார்த்தாள். சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டைகள். மூலையில் நீலம், பிறையும் நட்சத்திரமும் மடிப்புக்குள் மறைந்திருந்தன. கையிலிருந்த படத்தைப் பார்த்தாள். மூலை கறுப்பு. பட்டை ஒன்றுகூட இல்லை.

கைப்பேசியை எடுத்துக் கொடியைப் படம் பிடித்தாள்.

போலீஸ் பாலாயில் சுபத்திரா படத்தையும், அவள் கைப்பேசியில் எடுத்து வந்த கொடியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சுத்தி வளைக்காம சொல்லும்மா."

"சிவப்புக் கண்ணாடி வழியா எடுத்தா சிவப்பு வெளுத்துடும் மேடம். வெள்ளையோட கலந்துடும். நீலம் கறுத்துடும். கொடியோட பட்டை போனது அதனாலதான். அந்தச் சட்டை வெள்ளையே இல்ல. சிவப்பு."

"கேமராவுல அந்தக் கண்ணாடி இல்லயே."

"நானும் அதனாலதான் ஏமாந்தேன். ஆனா எடுத்தப்ப இருந்திருக்கு. விழுந்து உடைஞ்சிருந்தா லென்ஸ்ல கண்ணாடியோட வளையமாவது ஒட்டிக்கிட்டு இருக்கும். யாரோ திருகிக் கழட்டியிருக்காங்க."

சுபத்திரா கேமராவை எடுத்து லென்ஸின் விளிம்பை விரலால் தடவினார். திருகு மரை சுத்தமாக இருந்தது.

"யாரு?"

"கண்ணாடி என்ன செய்யும்னு தெரிஞ்சவன். எங்க கூட்டத்துல குணா, நான், இன்னொருத்தன். மத்தவங்களுக்கு அதுல அக்கறையே இல்ல. உங்க ஆளுங்க வர்றதுக்கு முன்னாடி குணா பக்கத்துல இருந்தது அந்த ஒருத்தன்தான்." அவள் படத்திலிருந்த முதுகைத் தொட்டாள். "அவன் சட்டைய மாத்தவே இல்ல மேடம். மாத்த வேண்டியதும் இல்ல. படத்துல வெள்ளை, அவன் மேல சிவப்பு. அந்தச் சட்டைதான் அவனக் காப்பாத்துச்சு. ஜெயபாலன்."

"ஃபிலிமையே உருவிப் போட்டிருக்கலாமே?"

லோஷினி மேசையிலிருந்த படத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அதுல நாங்க எல்லாரும் இருக்கோம் மேடம். குணாவோட படத்த அழிக்க அவனுக்கு மனசு வந்திருக்காது. எங்கண்ணன் மாட்டுவாருன்னும் நெனச்சிருக்க மாட்டான்."

ஜெயபாலனின் மோட்டார் இருக்கைக்கு அடியில், சாக்ஸுக்குள் சுற்றியபடி அந்தக் கண்ணாடி கிடைத்தது. அவன் மறுக்கவில்லை. பின்னால் 'கிளிக்' என்று கேட்டதாம், அடுத்த நொடி கயிறு தளர்ந்துவிட்டதாம். அதற்குமேல் அவனால் பேச முடியவில்லை.

மாலையில் ரூபேந்திரன் வெளியே வந்தான். தங்கையை அவன் ஒன்றும் கேட்கவில்லை. "சாப்டியா?" என்றான், அவ்வளவுதான். இருவரும் நேராக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் குணாளனின் அம்மா ராசம்மா உட்கார்ந்திருந்தார். செய்தி அவருக்கு எட்டியிருந்தது. லோஷினியின் மணிக்கட்டைப் பிடித்துப் பக்கத்தில் இருத்திக்கொண்டார். அவளுடைய விரல்களில் ஃபிலிம் கழுவும் மருந்தின் வாடை இன்னும் போகவில்லை.

"ஜெயபாலன் எங்க வீட்டுல சாப்ட்ட பையன்மா," என்றார். "அவன நான் ஏசல. டாக்டர் சொன்னாரு, கொஞ்சம் முன்னால கொண்டாந்திருந்தா நல்லா இருந்திருக்கும்னு."

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் இயந்திரத்தின் பச்சைக் கோடு ஏறி இறங்கியது.

"நீதான எல்லாத்தையும் கண்டுபிடிச்ச. எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லும்மா. எம்புள்ள அங்க கெடந்தப்ப, ஜெயபாலன் மொதல்ல ஆம்புலன்ஸுக்குக் கூப்ட்டானா? இல்ல, அந்தக் கண்ணாடியக் கழட்டினானா?"