மச்சினன் மூச்சு

காலை வெயில் ஏறும் நேரத்தில் லாரி டிரைவர் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பைக்குள் ஒரு மெஷின், ஒரு குழாய், பட்டையால் இறுக்கி மூக்கில் மாட்டும் ஒரு மூடி. ஆஸ்பத்திரியில் உடம்பெல்லாம் வயரை ஒட்டித் தூங்கவைத்துச் சோதித்ததில் அவருக்கு நம்பிக்கையே இல்லை. குறட்டை ஒரு வியாதி என்றால் ஊரில் பாதிப் பேர் படுத்த படுக்கையாகக் கிடக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

அங்கே சோதித்த பெண் விடவில்லை. "குறட்டையை விடுங்க. அது நடுவுல நின்னுபோகுது பாருங்க, அதுதான் வம்பு. தூங்கினதும் தொண்டைச் சதை தளர்ந்து வழியை அடைச்சுடுது. மூச்சு நிக்குது. மூளை பதறி எழுப்பிவிடுது. ராத்திரி பூரா இதே கூத்துன்னா, ஸ்டீயரிங் பிடிக்கிறப்ப கண்ணு சொருகாம என்ன பண்ணும்?"

"இந்தப் பொட்டி என்ன பண்ணுமாம்?"

"காத்தை ஊதி அந்த வழியைத் திறந்தே வச்சிருக்கும். மூடி முகத்துல ஒட்டலைன்னா உஸ்ஸுன்னு கத்தும். சத்தம் அடங்கிட்டா சரியா மாட்டியாச்சுன்னு அர்த்தம்."

இதை மாட்டித் தூங்காத ஆளுக்கு வண்டிச் சாவி கிடையாது என்று முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார்.

வேலைக்குக் கிளம்பி நின்ற மனைவி பையைப் பார்த்தாள். "என் தம்பி மாட்டினப்ப தும்பிக்கைன்னு நக்கல் அடிச்சீங்க. இப்ப உங்களுக்கும் முளைச்சிடுச்சா?"

அவள் போனதும் கதவைத் தாழிட்டார்.

அவளுக்குத் தெரிந்தது பாதிதான். தம்பி ஓட்டிய லாரி நேராக மரத்தில் போய் ஏறியது, அவன் செத்தான், பின்சீட்டில் படுத்திருந்த புருஷன் பிழைத்தார். அவ்வளவுதான். அதற்கு முன் வண்டியை ஓரங்கட்டியிருந்தபோது நடந்தது தெரியாது. எஞ்சினை அணைத்தபின் பாட்டரியில் எதையும் ஓட்டக்கூடாது என்பது இவர் பழக்கம். மச்சினன் அந்த மெஷினை வண்டிப் பாட்டரியில் போட்டுக்கொண்டு தூங்கினான். அவன் அயர்ந்ததும் இவர் மெதுவாக மூடியைக் கழற்றி, வயரைப் பிடுங்கிப் போட்டார்.

எழுந்தவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "என்னமோ தெரியல மாமா, தூங்காத மாதிரியே இருக்கு."

"ஒரு டீ குடிச்சா சரியாயிடும், ஏறு மாப்ளே" என்றார் இவர்.

இப்போது கட்டிலில் படுத்து, மூடியை மாட்டி, மெஷினைப் போட்டார். காற்று மூக்குக்குள் முட்டியது. யாரோ பிடித்துத் திணிப்பதுபோல் இருந்தது. பொறுக்கமுடியாமல் கழற்றி, பக்கத்தில் மனைவியின் தலையணை மேல் வீசிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

உஸ்ஸ்ஸ்.

கத்தட்டும் என்று விட்டார். வெளியே வெயில் சுள்ளென்று அடித்தது. ஜன்னல் வழியாகத் தெருச் சத்தம் வந்துகொண்டிருந்தது.

உஸ்ஸென்ற சத்தம் அடங்கியது.

கரண்ட் போயிருக்கும் என்று நினைத்தார். தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. சரி, மூடி தலையணையில் அமுங்கியிருக்கும்.

அப்போது டீசல் வாடை அடித்தது. கூடவே இரத்தத்தின் இரும்பு வாடை.

பின்னால் யாரோ மூச்சை இழுத்தார்கள்.

விட்டார்கள்.

திரும்பக்கூடாது என்றுதான் நினைத்தார். கழுத்து கேட்கவில்லை.

தலையணையில் பள்ளம் விழுந்திருந்தது. அதற்கு ஒரு சாண் மேலே மூடி நின்றது. இரண்டு பக்கமும் பட்டைகள் இறுகியிருந்தன, ஒரு தலையைச் சுற்றி இறுகுவதுபோல. நடுவில் ஒன்றுமில்லை. மூச்சு மட்டும் சீராக வந்து போனது. குறட்டை இல்லை. திணறல் இல்லை. நிம்மதியான தூக்கம்.

சுவரில் பிளக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கை போனது.

பாதியில் நின்றது.

இன்னொரு தடவையா?

கையை மார்பின் மேல் வைத்துக்கொண்டு, விறைத்துப்போய்ப் படுத்திருந்தார். தூங்கட்டும். பாவி நான், இவன் தூக்கத்தைத் தின்றவன், இவனாவது தூங்கட்டும். கண்ணைத் திறந்தே வைத்திருக்கத்தான் பார்த்தார். ஆனால் எத்தனையோ வருஷத்துத் தூக்கக் கடன் உடம்பில் இருந்தது. இமை கீழே வந்தது.

தொண்டை மூடிக்கொண்டது.

மார்பு எம்பியது, காற்று வரவில்லை. தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்ததுபோல் இருந்தது. கண்கள் பிதுங்க விழித்தார், எழுந்து உட்கார முடியவில்லை. முழங்கால் ஒன்று மார்பில் ஏறி உட்கார்ந்த கனம்.

பக்கத்தில் அந்த நிம்மதியான மூச்சு நின்றிருந்தது. அவன் விழித்திருந்தான்.

"மாப்ளே..." காற்றே இல்லாமல் உதடு மட்டும் அசைந்தது. "நான்தான்டா கழட்டினேன். எனக்கும் கொஞ்சம் குடுடா."

நெடுநேரம் ஒன்றுமில்லை. அவன் யோசிக்கிறான் என்று அவருக்குத் தெரிந்தது. யோசிக்க அவனுக்கு உரிமையும் இருந்தது.

உஸ்ஸ்ஸ்.

மூடி அவர் கைக்குப் பக்கத்தில் கிடந்தது. மார்பின் கனம் இறங்கியது. அதை எடுத்து முகத்தில் வைத்து அழுத்தினார். உள்பக்கம் ஈரமாக, வெதுவெதுவென்று இருந்தது. சத்தம் அடங்கியது. தொண்டை திறந்துகொண்டது.

அவர் மூச்சை இழுத்தார்.

குழாயின் மறுமுனையில் யாரோ மூச்சை விட்டார்கள்.