பத்து ஆறுக்குப் போட்ட கையெழுத்து

காலை ஒன்பதரைக்கு, விமானங்களை நிறுத்திப் பழுது பார்க்கும் ஹேங்கருக்குள் நுழைந்தபோது எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தது. வெயிலில் தகரக் கூரை படபடத்தது. பெட்ரோல் நெடி. தலைமைப் பரிசோதகரின் மேஜையில் என் பையை வைத்தேன். போன மாதம்வரை அது என் சகலையின் மேஜை. இன்றைய வேலை ஒழுங்காக முடிந்தால் என்னுடையது.

மறைப்பானேன், அவனைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். அக்கா தங்கையைக் கட்டியவர்கள் நாங்கள். இங்கேயும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். மாமனார் அவனுக்கு நாற்காலி இழுத்துப் போடுவார். எனக்கு வெறும் “வாப்பா”வோடு சரி. கடைசியில் பதவியும் அவனுக்கே போயிற்று.

சின்ன விமானங்களின் வாலுக்குள் ஓர் ஆரஞ்சுப் பெட்டி இருக்கும். விமானம் விழுந்தால் அதுவே அலறி, விழுந்த இடத்தைக் காட்டிக்கொடுக்கும். வருடத்துக்கொருமுறை அதைச் சோதித்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். எந்த மணியானாலும் முதல் ஐந்து நிமிடத்துக்குள்தான் அலறவிடலாம். தாண்டினால் நிஜ ஆபத்தென்று தேட ஆரம்பித்துவிடுவார்கள். சோதனை முடிந்த விமானத்தின் முதல் ஓட்டத்தில் தலைமைப் பரிசோதகரும் ஏறிப் போவது எங்கள் ஹேங்கர் வழக்கம்.

போன மாதம் அப்படியொரு சோதனை நாளில் நான் பெட்டியருகே போனபோது மணி பத்து ஆறு.

“பதினொண்ணு வரைக்கும் இருந்து டெஸ்ட் பண்ணிடு சகலை. நீ பாத்துட்டா நான் திரும்பப் பாக்க மாட்டேன்” என்றான் என் சகலை.

பெரிய மனுஷத் தோரணை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவனுக்காக நான் கால்கடுக்க நிற்பதா? “சோதித்தேன், சரி” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பேட்டரி செத்துக் கிடந்திருக்கிறது.

அவன் ஏறிப் போன முதல் ஓட்டத்திலேயே விமானம் காட்டில் விழுந்தது. பெட்டி அலறவில்லை. ஒன்பதாம் நாள்தான் கண்டுபிடித்தார்கள். விமானி விழுந்ததுமே போய்விட்டாராம். என் சகலை நான்கு நாள் உயிரோடு இருந்திருக்கிறான். என் பதிவை நம்பி, விழுந்த வேகத்தில் பெட்டி கெட்டிருக்கும் என்று விசாரணையை மூடினார்கள்.

இன்று நான் குறுக்குவழியில் போகவில்லை. சரியாகப் பத்து மணிக்குப் பெட்டியை அலறவிட்டேன். மேஜைமேல் இருந்த ரேடியோவில் ஓசை கணீரென்று கேட்டது. அணைத்தேன்.

பத்து ஆறுக்கு மறுபடி அலறியது.

பெட்டியின் பேட்டரியைக் கழற்றினேன். நிற்கவில்லை. ரேடியோவின் வயரைப் பிடுங்கினேன்.

அப்போதும் நிற்கவில்லை.

பெட்ரோல் நெடி போய், மழையில் அழுகிய இலைகளின் வாடை வந்தது. அலறலுக்கு அடியில், காய்ந்த தொண்டையிலிருந்து ஒரு குரல்.

“நாலு நாளும் பசிச்சுது சகலை.”

காதைப் பொத்தினேன். அப்போதும் கேட்டது.

“நீ நாலு நாளும் வீட்டுக்குப் போனே. சாப்பிட்டே. தூங்கினே.”

அந்தக் குரலை எனக்குத் தெரியும். அவனுடையது என்பதால் மட்டுமல்ல. அதிலிருந்த வயிற்றெரிச்சல், இத்தனை வருடம் நான் பொத்திப் பொத்தி வளர்த்தது. இப்போது அது அவனிடம் இருந்தது.

பதிவேட்டைப் புரட்டினேன். பழைய பதிவின் கீழே எழுதினேன்: “நான் சோதிக்கவில்லை. பொய்யாகக் கையெழுத்திட்டேன்.”

அலறல் நின்றது.

பதவி போகட்டும், ஜெயிலானாலும் சரி. பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு மேனேஜர் மேடத்தின் அறைக்கு ஓடினேன். அந்தப் பக்கத்தைத் திறந்து அவர்முன் நீட்டினேன்.

“இதைப் படிங்க மேடம். எல்லாம் என் தப்புதான்.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

“என்ன தப்பு? ‘சோதித்தேன், சரி’ன்னு நீங்க எழுதியிருக்கீங்க. கீழே உங்க சகலையும் ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்காரே. மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க. இன்னியிலேர்ந்து நீங்கதான் தலைமைப் பரிசோதகர். நாளைக்கு முதல் ஓட்டத்துல நீங்க போறீங்க.”

குனிந்து பார்த்தேன். நான் எழுதிய ஒப்புதல் அங்கே இல்லை. அந்த இடத்தில் அவனுடைய உருண்டைக் கையெழுத்து. பக்கத்தில் இன்றைய தேதி.

தொட்டுப் பார்த்தேன். மை விரலில் ஒட்டியது.